கூடுதல் ஓட்டுநர்

அண்ணனுக்குக் குழந்தை பிறந்தபோது எங்களிடம் கார் இல்லை. தவளையை விற்று நாலு வருடம் ஆகியிருந்தது.

தவளை என்பது எங்கள் பழைய காருக்கு அண்ணன் வைத்த பெயர். பச்சை நிறம், துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகள், பள்ளத்தில் இறங்கினால் ஒரு துள்ளல். வேறு பெயர் வைக்க வழியே இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அதனால் தவளையின் பின்சீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் எப்போதும் ஓர் இரும்புக் கருவிப்பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் எங்களுக்கு எல்லைக்கல். அதைத் தாண்டி யார் கால் நீட்டினாலும் சண்டை.

விடுமுறை நாளில் பூங்காவுக்கு என்று கிளம்பி, ஏதோ ஓர் உயரமான கட்டிடத்தின் கீழே போய் நிற்போம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவார். அம்மா ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காத்திருக்கும் நேரத்தில் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "வணக்கம், எந்த வார்டு வேணும்?" என்பாள். நாங்கள் பின்னாலிருந்து குரலை மாற்றி மாற்றிப் பேசுவோம். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாலும் கண்டுபிடித்துவிடுவாள். "ஏழாம் வார்டு குறும்புக்காரரா? லைன்லயே இருங்க, பெரிய ஊசியா எடுத்துட்டு நர்ஸ் வந்துட்டிருக்காங்க" என்பாள். அப்பா கிரீஸ் கையோடு திரும்பி வரும்போது பூங்கா மூடியிருக்கும். அது எங்களுக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. நினைவுதான் இப்படி இனிப்புத் தடவிக் கொடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அண்ணனைக் கேட்டேன். "பூங்காவா? நாம எப்போ பூங்காவுக்குப் போனோம்?" என்றான்.

தவளை போனது ஒரு மழை நாளில். பெட்ரோல் பங்கிலிருந்து சாலைக்குத் திரும்பும்போது அப்பா மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடி உடைந்தது, நெற்றியில் ஒரு கீறல், இரண்டு தையல். அப்பாவின் வலது கண்ணில் புரை வளர்ந்திருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பழுதுபார்க்கப் போனோம். பதினெட்டு வருடம் விடாமல் கட்டிய இன்சூரன்ஸ். அது நம்மால் எதிராளிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டும்தான், நம் வண்டிக்கு அதில் ஒன்றும் கிடையாது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எதிராளி ஒரு விளக்குக் கம்பம். கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தவளை பட்டறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. உதிரி பாகங்களுக்காக யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அப்பா கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அவரை எங்கள் எழுத்துப் பலகைக்கு முன்னால் நானே உட்காரவைத்துப் பார்த்தேன். கடைசி வரிசை வரை படித்தார். ஆனாலும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு நேர் பின்சீட்டில்தான் உட்காருவார். அந்த சீட் காலியில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

அண்ணன் இருக்கும் ஊருக்கு அரை நாள் பயணம். அம்மாவின் முழங்கால் பஸ் படிக்கட்டுக்கு ஒத்துவராது. அதனால் வாடகைக் கார் எடுத்துப் போவோம், நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு லைசென்ஸ் கிடைத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லாத ஓர் ஆசையும் இருந்தது. வழியில் கொஞ்ச தூரமாவது அப்பா ஓட்ட வேண்டும்.

தவளைக்கு நடந்தது இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்று வாடகைக் கம்பெனியின் காப்பீட்டு விவரங்களை ஒரு வாரம் படித்தேன். கடை வேலை முடிந்து நான் படித்துவந்த மாலை வகுப்பில் அப்போது ஒப்பந்தங்கள் பற்றிய பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் சொன்ன ஒன்று மனதில் நின்றது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் படிப்பார்கள், என்ன இல்லை என்று படிப்பவன்தான் பிழைப்பான். அதனால் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். அடிப்படைத் திட்டம் தவளையுடையதைப் போல, எதிராளிக்கு மட்டும். அடுத்ததில் நம் வண்டிக்கும் உண்டு, ஆனால் செலவில் முதல் பங்கு நம் தலையில். சின்னக் கீறல் என்றால் முழுச் செலவும் அந்த முதல் பங்குக்குள் அடங்கிவிடும். அதாவது, காப்பீடு இருந்தும் இல்லாத மாதிரி. முதல் பங்கும் வேண்டாம் என்றால் முழுக் காப்பு எடுக்க வேண்டும். அதிலும் டயரும் கண்ணாடியும் சேராது, அவற்றுக்குத் தனி. வண்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கு இன்னொன்று. இவ்வளவையும் எழுதிவிட்டு, சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கார் எடுக்கப் போறியா, காரைக் கட்டிக்கப் போறியா?"

வாடகை அலுவலகம் ஒரு டயர் கடைக்கும் பூட்டிக்கிடந்த ஜவுளிக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. ஒட்டினாற்போல் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எண் எழுதிய ஆணிகளில் சாவிகள், இரைகிற ஏசி. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம்.

"பேஸிக் போதுமா, ஃபுல் கவரா?"

"ஃபுல் கவர்ல எதெல்லாம் வராது?" என்றேன்.

அவள் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாரும் எதெல்லாம் வரும்னுதான் கேப்பாங்க."

"இவ அப்படித்தான்மா. ஒரு ஊசி வாங்கப் போனாலும் கடைக்காரன் வாழ்க்கையே வெறுத்துடுவான்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் சிரித்துவிட்டு விரல் மடக்கிச் சொன்னாள். குடித்துவிட்டு ஓட்டினால் வராது. சாலை இல்லாத இடத்தில் ஓட்டினால் வராது. எரிபொருளை மாற்றி நிரப்பினால் வராது. எங்களைக் கேட்காமல் வண்டியில் எதையாவது நீங்களாகச் சரிசெய்தால் வராது. இவை எல்லாம் என் அட்டவணையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டியதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் சலிப்புக்கூட வந்திருக்கும்.

"அப்புறம், பேர் சேர்க்காத ஆள் ஓட்டி ஏதாவது ஆனா, எந்தக் கவர் எடுத்திருந்தாலும் செல்லாது. ஓட்டுறது நீங்க மட்டும்தானா? கூடுதல் ஓட்டுநர் யாராவது சேர்க்கணுமா?"

அதுவும் அட்டவணையில் இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் நான் காலியாக விட்டிருந்தேன். அப்பாவிடம் கேட்டு நிரப்பலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டு அப்பாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை.

அப்பா ஜன்னல் ஓரம் நின்று வெளியே நிறுத்தியிருந்த வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து லேசாக எங்கள் பக்கம் திரும்பியது.

"இவ மட்டும்தான்" என்றாள் அம்மா.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா அதற்குள், "அதான் சரி. வண்டிக்கு ஒரே கை பழகினா நல்லது" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியை ஒப்படைப்பதற்கு முன் கம்பெனி ஆள் ஒருவர் அதைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் குறித்துக்கொண்டார். நான் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும் கோணத்தில் பார்த்து, அவர் குறிக்காத கீறல்களை எல்லாம் காட்டினார்.

"சார் வண்டிக் கம்பெனியில இருந்தீங்களா?"

"லிஃப்ட்."

"லிஃப்ட்ல கீறல் பார்க்கிற வேலையா?"

"லிஃப்ட்டுக்குள்ள ஆணியால தன் பேரையும் காதலி பேரையும் எழுதாத ஆள் உண்டா? பாதி ஊரோட காதல் கதை எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. அன்று அதுவரை அவர் பேசியதில் அதுதான் நீளமானது.

அம்மா முன்னால் ஏறினாள். அப்பா பின்சீட்டில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்தார். நான் மிகவும் மெதுவாக ஓட்டினேன். ஊரைத் தாண்டி அகலமான சாலை வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அப்பாவின் முழங்கால் அசைந்தது. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பிரேக் கிடையாது. ஆனாலும் நான் பிரேக் போடுவதற்கு ஒரு கணம் முன்பே அவர் போட்டுக்கொண்டிருந்தார்.

தவளையில் அவர் ஓட்டியது எனக்கு நினைவு வந்தது. ஒரு முழங்கை ஜன்னலில், இன்னொரு கை கியரில் வைத்தது வைத்தபடி. மேட்டில் ஏறும்போது "ஏறுடா கண்ணா, ஏறுடா" என்று அதைக் கொஞ்சுவார். அது ஏறிவிட்டால் நாங்கள் கை தட்டுவோம். ஏறாவிட்டால் நானும் அண்ணனும் இறங்கித் தள்ளுவோம். வழி நெடுக ஓயாமல் பேசுவார். இந்தக் கட்டிடத்தில் நாலாவது மாடியில் ஒரு கிழவர் லிஃப்ட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அந்தக் கட்டிடத்தில் ஒரு பூனை தனியாக மேலும் கீழும் போய்வரும் என்று ஊர் முழுக்க அவருக்குக் கதை இருந்தது. வாடகைக் காரில் அப்படி எதுவும் இல்லை. ஏசிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா இரண்டு முறை, "நல்லா ஓட்டுற" என்றாள். அப்பா, "ம்" என்றார்.

பாதி வழியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். பெரிய மரம், அதன் கீழே இரும்பு மேசைகள். நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா வண்டியைச் சுற்றி நடந்தார். நான் பன் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் பின் பம்பருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துணிப்பை திறந்திருந்தது. அதிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்திருந்தார். தவளைக்குப் போட்ட அதே பாலிஷ். அதன் வாசனை மேசை வரைக்கும் வந்தது. ஒரு நொடி நான் மழை விட்ட ஒரு விடுமுறைக் காலையில், எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். அப்பா துணியைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறார், அண்ணன் சக்கரத்தைக் கழுவுகிறேன் என்று என்மேல் தண்ணீர் அடிக்கிறான்.

அப்புறம்தான் அட்டவணை நினைவுக்கு வந்தது. எழுந்து ஓடினேன்.

"அப்பா, தொடாதீங்க."

துணி பம்பருக்கு விரல் அகலத் தூரத்தில் நின்றது.

"ஒரு கீறல்மா. புதுசு மாதிரி இருக்கு. திருப்பிக் கொடுக்கிறப்போ உன் தலையில கட்டிடுவாங்க. லேசாத் தேச்சா போயிடும், இருந்த இடம் தெரியாது."

"அதான் கூடாதுப்பா. நாமளா எதையாவது சரிபண்ணினா முழுக் காப்பும் போயிடும். அந்தப் பொண்ணு சொன்னாங்களே."

போனை எடுத்துக் காலையில் எடுத்த போட்டோக்களில் தேடினேன். பம்பரின் அந்த மூலையும் இருந்தது. அதே கீறல், அதே வளைவு. "பாருங்க, முன்னாடியே இருந்துது. ஒண்ணும் இல்லை."

அப்பா போட்டோவைப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திருகித் திருகி மூடினார்.

"ஓட்டக் கூடாது. துடைக்கவும் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். "அப்ப நான் இந்த வண்டியில யாரு? சாமானா?"

"சாமானுக்குத் தனியா கவர் எடுத்திருக்கேன்ப்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. "அதுவும் எடுத்தியா? பரவாயில்லை, தொலைஞ்சு போனா ஏதாவது கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே கை கழுவக் குழாயடிக்குப் போனார். சிரித்தாரா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் மேசைக்குத் திரும்பினேன். எல்லாம் அம்மாவுக்குக் கேட்டிருந்தது.

"அம்மா, அப்பா பேரைச் சேர்த்திருக்கலாம். கண்ணெல்லாம் நல்லா இருக்கு, நானே பார்த்தேன். ஏன் அப்படிப் பட்டுனு சொன்னீங்க? இன்னும் பயமா?"

"எதுக்குப் பயம்? கம்பத்துலே மோதினதுக்கா?" அம்மா டீ டம்ளரை நகர்த்திவைத்தாள். "நெத்தியில ரெண்டு தையல். ஒரு வாரத்துல ஆறிடுச்சு. அதுக்கெல்லாம் நான் பயப்படலை."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் இந்த மனுஷன் ரெண்டு மாசம் வாயைத் திறக்கலை. உனக்குத் தெரியாது. நீ காலையில கடைக்குப் போவ, சாயங்காலம் கிளாஸுக்குப் போவ, வந்ததும் புத்தகத்தோட தூங்கிடுவ. சாப்பிட வாங்கன்னா வருவார். சாப்பிடுவார். போய் ஜன்னல்கிட்ட உட்காருவார். கிணத்துல போட்ட கல்லு. நாள் பூரா ஊர்ப்பட்ட ஜனத்தோட குரலைக் கேட்டுட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுல ஒரு குரல் இருக்காது." அவள் மேசையை விரலால் தட்டினாள். "உன் அட்டவணையில டயருக்கு இருக்கு, கண்ணாடிக்கு இருக்கு, பெட்டிக்கு இருக்கு. இதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா? சொல்லு, நானே கட்டுறேன்."

அந்த இரண்டு மாதத்தை நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா அமைதியாக இருக்கிறார், ஓய்வுபெற்றவர்கள் அப்படித்தான் போல என்று நான் நினைத்திருந்தேன். என் அப்போதைய நாட்குறிப்பில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

"நான் பேசாமலா இருந்தேன்?"

அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேசினதா நினைச்சிட்டிருந்தீங்களா?" என்றாள் அம்மா திரும்பாமல்.

"மனசுக்குள்ள உன்கிட்ட பேசிட்டேதான் இருந்தேன்."

"எனக்கு லைன் கிடைக்கலை."

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடைக்காரர் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை அவர் தொடவில்லை. "உன் நெத்தியைப் பார்க்கிறப்பெல்லாம் என்ன சொல்றதுன்னு தெரியாது. மன்னிச்சுக்கோன்னு சொன்னா சின்னதாப் போயிடும். வேற வார்த்தையும் எனக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அப்படியே பழகிடுச்சு."

"நல்ல பழக்கம்."

"சரி, தப்புதான்."

"இதைச் சொல்ல நாலு வருஷமா?" அம்மா இப்போது திரும்பினாள். "இங்க பாருங்க. ஓட்டணும்னு இருந்தா ஓட்டுங்க. நான் பக்கத்துலயே உட்காருறேன். ஆனா இன்னொரு தடவை எங்கயாவது இடிச்சீங்கன்னா பேசணும். திட்டுங்க, கத்துங்க, கம்பத்தை நட்டவனைச் சபிங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. வாயைப் பூட்டினா மட்டும், அதோட நானும் பூட்டிடுவேன்."

அப்பா டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருக்கும். "சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா பேரு இல்லையே" என்றார்.

நான் ஏற்கெனவே போனில் அலுவலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே ஜலதோஷக் குரல். போனில் சேர்க்க முடியாது, ஆள் நேரில் வர வேண்டும், ஆனால் நீங்கள் போகும் வழியிலேயே அடுத்த ஊரில் எங்கள் கிளை இருக்கிறது என்றாள். "லைசென்ஸ் கையில வேணும்."

"லைசென்ஸ் வீட்டுல இருக்குமே" என்றேன்.

அம்மா கைப்பையைத் திறந்து, துழாவி, பிளாஸ்டிக் உறையிலிருந்த லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்பா அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க? கிளம்புறப்போ எல்லாத்தையும்தான் அள்ளிப் போட்டேன். இதுவும் கிடந்துது" என்றாள் அம்மா.

கிளை அலுவலகத்தில் ஓர் இளைஞன் மட்டும் இருந்தான். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அறுபத்தஞ்சு தாண்டலையே?"

"தாண்டறதுக்கு இன்னும் நாள் இருக்கு. நீ சீக்கிரம் எழுதினா அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்" என்றார் அப்பா.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் நான் சாவியை நீட்டினேன். அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினார். "எங்க போடுறது?"

"போட வேண்டாம்ப்பா. பிரேக்கை மிதிச்சுட்டு அந்தப் பட்டனை அழுத்துங்க."

"பட்டனா?" அவர் அதை ஒரு விரலால் அழுத்தினார். "லிஃப்ட் மாதிரியே இருக்கு. எந்த மாடி வேணும் மேடம்?"

"அஞ்சாவது" என்றாள் அம்மா. அண்ணன் வீடு ஐந்தாவது மாடி.

நான் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தேன். அங்கே கருவிப்பெட்டி இல்லை, கால் நீட்டச் சண்டை போட ஆளும் இல்லை. எல்லைக்கல் இருந்த இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத் தாண்டிப் போயிற்று, பிறகு ஒரு வேன், பிறகு மூட்டை ஏற்றிய ஒரு மோட்டார் சைக்கிள். பிறகு ஒரு மேடு வந்தது. வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. "இதுக்குக் கொஞ்சவே வேண்டாம் போல" என்றார். அவருடைய இடது முழங்கை மெதுவாகத் தளர்ந்தது. தூரத்தில் ஒரு கட்டிடத்தைப் பார்த்து, "அங்க ஒரு தடவை வந்திருக்கேன். மேனேஜர் உள்ள மாட்டிக்கிட்டு, கதவு இடுக்கு வழியா மத்தவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டிருந்தார்" என்றார். அது எங்களுக்குத் தெரிந்த கதைதான், நடந்ததும் வேறு ஊரில். அம்மா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அந்தப் பயணம் இன்னும் நீண்டிருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் வீட்டுக் கட்டிடத்தின் வாகன நிறுத்தம் தரைக்குக் கீழே இருந்தது. சரிவில் இறங்கி, இடதுபக்கம் திரும்பி, இரண்டு தூண்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். "நான் இறங்கிப் பார்த்துச் சொல்லட்டுமா?" என்றேன். "இடம் இருக்கு" என்றார் அப்பா.

இடம் இல்லை. பின்கதவோரம் தூணில் உரசி, நீளமாக ஒரு சத்தம் வந்தது.

வண்டி நின்றது. அப்பா இஞ்சினை அணைக்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அம்மா நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் எவ்வளவு நீளம், முழுக் காப்பில் இது சேருமா, அவர் பேர் ஏறிவிட்டதா என்று எதையும் நான் யோசிக்கவில்லை. அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. இடதுபக்கக் கண்ணாடியில் தூணின் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது.

அப்பா பட்டனை அழுத்தி இஞ்சினை அணைத்தார். இறங்கினார். குனிந்து பார்த்தார். விரலால் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"என் தப்புதான்" என்றார். சத்தமாக, அந்த இடம் முழுக்கக் கேட்கும்படி. "தூணு கண்ணுல பட்டுது. நல்லாவே பட்டுது. இடம் இருக்குன்னு நான்தான் நினைச்சேன். நீ இறங்கிப் பார்க்கிறேன்னு சொன்ன, நான்தான் வேண்டாம்னேன். அந்தக் கம்பெனி நம்பரைப் போடு."

நான் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். லிஃப்ட் கதவு திறந்து அண்ணன் வெளியே வந்தான், தூக்கமில்லாத முகத்தோடு, தோளில் ஒரு சின்னத் துண்டோடு. "என்னப்பா, வந்ததும் வராததுமா தூணையே தூக்கப் பார்க்கிறீங்க?"

அப்பா பேசாதே என்று அவனுக்குக் கை காட்டினார். "ஆமாம்மா, பின்கதவு, இடதுபக்கம். ரெண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். பெயின்ட் போயிருக்கு, தகடு உள்ள போகலை. இல்லைம்மா, பொண்ணு இல்லை, அவ மேல தப்பே கிடையாது. நான்தான் ஓட்டினேன். பேர் சேர்த்தாச்சு, இன்னிக்கு மத்தியானம், உங்க கிளையில ஒரு பையன் இருந்தானே, அவன்தான் எழுதினான். எப்படி ஆச்சுன்னா, இங்க ஒரு சரிவு இருக்கு, அது கொஞ்சம் வளைஞ்சு இறங்குது…"

சரிவைப் பற்றி அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது போட்டோவும் நேரமும் இடமும்தான், எனக்குத் தெரியும். போனை வாங்கக் கையை நீட்டினேன்.

"விடு, பேசட்டும்" என்றாள் அம்மா.

அவள் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக லிஃப்ட் வரை நடந்தாள். உள்ளே போனாள். ஆனால் மேலே போகவில்லை. மூட வந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "குழந்தை முழிச்சிட்டிருக்கும்மா" என்றான் அண்ணன். அவள் நகரவில்லை. கதவு மூட வந்து, கை பட்டுத் திறந்து, மறுபடி மூட வந்தது.

அப்பா போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"ஏய், கதவைப் பிடிச்சு நிறுத்தாதேன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்? மோட்டாருக்கு ஆகாது. விடு கையை."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். கதவு மூடியது. அப்பா மறுபடி போனைக் காதில் வைத்து, சரிவு வளைகிற இடத்திலிருந்து தொடங்கினார்.